பழங்காசின் விலை

கீழ்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பழங்காசுப் பைத்தியம். வருஷத்துக்கு ஒரு காசு வாங்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வராது.

இந்த வருஷமும் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"அக்கா, ரெண்டாயிரம் வருஷத்துச் செப்புக்காசு! வெறும் ஐந்நூறுக்கு அமுக்கிட்டேன். வீட்ல மட்டும் சொல்லிடாதீங்க."

"சேச்சே, எனக்கு எதுக்குப்பா ஊர் வம்பு?"

அவர் தலை மறைந்ததும் அவர் மனைவியிடம் போய் நின்றேன்.

"டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. பாசி பிடிச்ச வில்லைக்கு ஐந்நூறாம்!"

"ஐந்நூறா? வரட்டும் மனுஷன்!"

சாயங்காலம் கீழே சண்டை நடந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவதற்குள் முடிந்தும் போனது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

மறுநாள் கண்ணாடி மாற்ற அவர் கடைக்குப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு போனில் காசு வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐம்பதாயிரமும் அனுப்பிட்டேன் சார். வீட்லயா? ஐந்நூறுன்னு நான் சொன்னா நம்பவே மாட்டா. மேல்வீட்டு அக்காகிட்ட ரகசியம்னு சொன்னாப் போதும், அவங்க சொன்னா அப்படியே நம்பிடுவா. வருஷா வருஷம் அப்படித்தான்!"

வந்த சுவடு தெரியாமல் திரும்பி, நேராக டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்தது. 'இத்தனை வருஷமா பொய் விலையைக் கொண்டுவந்து கொடுத்தது யாரு?' என்று கேட்டால்?

"என்னக்கா, மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல டீச்சர். கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?"