ஆஃப் நாள் தூக்கம்

மணிச் சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்து, தட்டுத்தடுமாறி அப்பாவின் அறைக்குப் போனான்.

"என்னப்பா?"

"நேரம் என்ன ஆச்சு?"

கடிகாரம் அப்பாவின் கண்ணுக்கு நேரேதான் மாட்டியிருந்தது. பகல் பன்னிரண்டு.

அவன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாரத்தில் ஆறு ராத்திரி நைட் டூட்டி, ஒரு நாள் ஆஃப். அந்த ஒரு நாளாவது காலையில் வந்து விழுந்தால் சாயங்காலம் வரை யாரும் எழுப்பக் கூடாது. அவன் கேட்டது அவ்வளவுதான். அதில்தான் அப்பா மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பக்கவாதம் வந்து பிழைத்தவர். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவார். அவசரத்துக்குக் கூப்பிட இருக்கட்டும் என்று அவன்தான் ஒரு பித்தளைக் கைமணி வாங்கிக் கொடுத்திருந்தான்.

வேலை நாட்களில் அவன் எவ்வளவு நேரம் தூங்கினாலும் அந்த மணி வாயைத் திறக்காது. ஆஃப் நாளில் மட்டும் டாண் என்று பன்னிரண்டுக்கு அடிக்கும். ஒரு வாரம் ஃபேனைக் குறைக்கச் சொல்வார். மறு வாரம் குழாய் சொட்டுகிறதா பார் என்பார். போன தூக்கம் பிறகு எங்கே வரும்? ராத்திரி சாப்பிட்டதும் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுவான் என்பது வேறு விஷயம். அதை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"வேணும்னேதான் பண்றார்," என்று மனைவியிடம் பொருமினான்.

"மாமாவுக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா? விடுங்க."

விடவில்லை. அன்று வார்த்தை தடித்துவிட்டது.

"ஆறு ராத்திரி பெல் சத்தத்துக்கு ஓடி ஓடி என் காலே தேஞ்சு போச்சுப்பா. வீட்லயுமா? என் ஆஃப் நாள்ல இந்த மணியைத் தொடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பா மணியை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆஃப். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். அவன் எட்டரைக்குப் படுத்தான். பன்னிரண்டு போனதும் தெரியாது, மூன்று போனதும் தெரியாது. கண் விழித்தபோது ஐந்து. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அப்பாவிடம் இரண்டு வார்த்தை நல்லபடியாகப் பேசலாம் என்று போனான்.

அப்பா கட்டிலுக்குக் கீழே கிடந்தார். கட்டியிருந்த துணி நனைந்து காய்ந்திருந்தது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. வார்டில் எத்தனையோ தடவை பார்த்ததுதான். இடுப்பு எலும்பு.

"எப்பப்பா விழுந்தீங்க?"

"நீ படுத்த கொஞ்ச நேரத்துல."

எட்டு மணி நேரம். தலையணையோடு சரிந்து விழுந்த மணி அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. தப்பித் தவறிக்கூடச் சத்தம் வரக் கூடாது என்று அதன் நாக்கைக் கைக்குட்டையால் சுற்றி வைத்திருந்தார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அழுகை கோபமாகத்தான் வந்தது.

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் என்னை எழுப்பினீங்களேப்பா. இன்னைக்கு ஒரு குரல் கொடுத்தா என்ன?"

அப்பா வலியை விழுங்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"நான் உங்க ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப டாக்டர் சொன்னார்ப்பா. ஆஃப் நாள்ல பகல் பூரா தூங்கினா ராத்திரி உனக்குப் பொட்டுத் தூக்கம் வராதாம். பன்னெண்டுக்கெல்லாம் எழுப்பி விட்டுடுங்கன்னார். நேராச் சொன்னா நீ கேப்பியா? அதான் ஏதாவது ஒரு சாக்கு..."

கைக்குட்டை சுற்றிய மணியைப் பார்த்தார்.

"எனக்குன்னு நான் இதை ஒரு நாளும் அடிச்சதில்லையேப்பா."