ஒரு முழத் தூரம்

கல்யாணப் படங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்த ஹேமலதா, மணப்பெண்ணின் தங்கையுடைய படம் வந்ததும் அதிலேயே கண்ணை நிறுத்தினாள். படம் முழுக்க முகம்தான். சிரிப்பு. வியர்த்திருந்த மூக்கு சற்றே பெரிதாக விழுந்திருந்தது.

"தூரத்துல நின்னு ஜூம் போட்டு எடுத்தேன்" என்றான் அவள் கணவன் இளவழகன். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

படத்தின் விவரத்தைத் திறந்தாள். முப்பத்தைந்து எம்.எம். மண்டபத்தையே அள்ளுகிற லென்ஸ், ஜூம் கிடையாது. அதில் முகம் மட்டும் நிறைய வேண்டுமானால் ஒரு முழத் தூரத்துக்குப் போக வேண்டும்.

அதே லென்ஸைக் கேமராவில் மாட்டினாள்.

"அசையாம நில்லுங்க."

கேமராவில் கண் பதித்தபடியே அவனை நோக்கி நடந்தாள். படம் முழுக்க முகம் நிறைவதற்கு இன்னும் ஓரடி இருக்கும்போதே அவன் பின்னால் நகர்ந்தான்.

"இவ்ளோ கிட்ட யாராச்சும் வருவாங்களா? மூக்கு பெருசா விழும்."