பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு ஜீப்பின் கதை சொல்கிறேன்.

கணவர் செங்கோடன் மாரடைப்பில் போய்ச்சேர்ந்த மறுமாதம், மேடேறத் திணறிய அவருடைய பழைய ஜீப்பைப் பட்டறைக்குக் கொண்டுவந்தாள் மரகதவல்லி.

“மீட்டர்ல இன்ஜின் கோளாறு லைட் எரிஞ்சிருக்குமேக்கா?” என்றார் மெக்கானிக் அன்வர்.

“அவரு பக்கத்துலதான தம்பி உக்காந்து போவேன். எரியல.”

அவர் சாவியைத் திருப்பி மீட்டர் கண்ணாடியைத் துடைத்தபோது ஒரு ஸ்டிக்கர் பொட்டு உரிந்து வந்தது. முகம் கழுவும்போது அவள் ஜீப்பில் ஒட்டிவைக்கும் அரக்குப் பொட்டு. அதன் அடியில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அன்வர் கோளாறு காட்டும் மிஷினை ஜீப்பில் சொருகிப் பார்த்தார். “மூவாயிரம் கிலோமீட்டரா எரியுதுக்கா. நீங்க பயந்துக்குவீங்கன்னு அண்ணன் மறைச்சிருக்காரு.”

“நெஞ்சத் தடவுறப்பல்லாம் வாயுத்தொல்லைன்னுதான் சொன்னாரு தம்பி,” என்ற மரகதவல்லி, அந்தப் பொட்டை விரல்நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் வலியை மறைக்கத் தெரியாமல் போகட்டும், கண்ணுகளா.