முக்கியமான தவறுகள்

பிழையே இல்லாத ஆங்கிலத்தை இயந்திரம்தான் எழுதும் என்று முடிவாகிவிட்டதால், கல்லூரிகள் சேர்க்கைத் தேர்வில் தவறுள்ள கட்டுரைகளை மட்டுமே மனிதர் எழுதியவை என ஏற்றுக்கொண்டன. உடனே திண்டிவனத்தில் ஞானசிகாமணி சார் தன் டியூஷன் பலகையை மாற்றி எழுதினார்: 'இங்கு ஆங்கிலத் தவறுகள் சிறந்த முறையில் கற்றுத்தரப்படும்.'

பூவிழிக்கு அந்த டியூஷன் தேவையே இல்லை. தவறுகள் அவளுக்குத் தானாகவே வரும். நர்ஸிங் சீட் கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் அம்மாதான் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

வீட்டிலிருந்தே கணினியில் எழுதும் அந்தத் தேர்வுக்கு முன் கடைசித் திருப்புதல் வகுப்பு. அவள் கட்டுரையைப் பார்த்து சார் முகம் சுளித்தார்.

"என்னம்மா, கமாவை இங்க கொண்டாந்து வச்சிருக்க?"

"தப்பாத்தானே சார் வைக்கணும்?"

"தப்புக்கும் ஒரு முறை இருக்குல்ல? நான் குடுத்த முக்கியமான தப்பை மட்டும் எழுது. சொந்தமா எதையாவது எழுதி சீட்டைக் கோட்டை விட்டுடாத."

பூவிழி தன் தவறுகளை அடித்துவிட்டு, சாருடைய தவறுகளைப் பிழையில்லாமல் மனப்பாடம் செய்தாள்.

முடிவு வந்தது. அந்த டியூஷனில் படித்த எல்லோருக்கும் ஒரே பதில்: 'இவை அனைத்தும் ஒரே இயந்திரம் எழுதியவை. நிராகரிக்கப்படுகின்றன.'

அழுத கண்ணோடு நின்ற மகளை இழுத்துக்கொண்டு அம்மா சண்டைக்குப் போனாள். சார் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒரு பிள்ளைகூட ஒரு எழுத்து மாத்தி எழுதலைங்க. அவ்வளவு நல்லா சொல்லிக் குடுத்திருக்கேன்."