பன்னிரண்டாம் பக்கத்துப் படம்

"வந்துட்டாங்க. கடைசி வரிசை" என்றார் லூதர் பிட்மன், புத்தகங்களை மேஜையில் அடுக்கிக்கொண்டே.

கியானா ஓரக்கண்ணால் பார்த்தாள். மூன்றாவது சனிக்கிழமை வாசிப்புக்கும் அதே அம்மாள். அதே சாம்பல் நிறக் கோட்டு. மடியில் அதே நோட்டு.

பர்மிங்ஹாமில் லூதரின் புத்தகக் கடைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கறுப்பின எழுத்தாளர்கள் பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகங்கள்தான் கண்ணாடி ஜன்னலில் முன்னால் நிற்கும். ஐந்து வாரமாக அங்கே நிற்பது கியானா மெபேனின் முதல் புத்தகம். பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம் அடிக்க ஆசைப்படும் சிறுமியின் கதை.

பக்கத்து மாவட்டத்துப் பள்ளி நூலகங்களில் இப்போது அது இல்லை. யாரோ பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்துப் புகார் எழுதி அதை எடுக்க வைத்திருந்தார்கள்.

"அது இவங்களா?" என்று கேட்டாள் கியானா.

"தெரியல. போன வாரம் ஒரு புத்தகம் வாங்கினாங்க. உன் கையெழுத்து வேணுமான்னேன், பக்கம் கெட்டுடும்னாங்க. பேரு கேட்டேன், எதுக்குன்னாங்க."

"நம்மள மாதிரி கறுப்பு ஆளா இருந்துக்கிட்டு இப்படிச் செய்வாங்களா?"

"நம்ம ஆளுங்க புகார் குடுக்க மாட்டாங்கன்னு யாரு சொன்னா? எங்க சர்ச்சுலயே நாலு பேரு இருக்காங்க."

கியானா வாசித்தாள். டிரம் வரும் இடங்களில் பிள்ளைகள் தரையைத் தட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார்.

வாசித்து முடித்ததும் அந்த அம்மாளின் கை உயர்ந்தது.

முதல் வாரம், "எட்டாம் பக்கத்துல அவளுக்கு எத்தனை பின்னல்?" என்று கேட்டவர். இரண்டாம் வாரம், "அந்த பேண்டு மாஸ்டர் சிரிக்கிறது கேலியாவா, பாசமாவா?" என்றார்.

இன்று எழுந்து நின்றே கேட்டார். "பன்னிரண்டாம் பக்கம். அந்தப் பொண்ணோட நிறம் என்ன? சும்மா கறுப்புன்னு சொல்லிடாதீங்க. சரியாச் சொல்லுங்க."

ஒரு தாய் தன் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேனாவைக் கீழ வைங்க, சொல்றேன்" என்றாள் கியானா.

"எழுதிக்கத்தானே வந்தேன்."

"எழுதி எங்க அனுப்பப் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு."

லூதர் மேஜையைச் சுற்றி முன்னால் வந்தார். கியானா கையமர்த்தினாள். மூன்று வருஷம் எழுதிய புத்தகம். ஏழு பதிப்பகம் திருப்பி அனுப்பிய புத்தகம்.

"பக்கம் முழுக்கப் படம் போட்டிருக்கு" என்றாள். "பார்த்தாத் தெரியலையா உங்களுக்கு?"

அந்த அம்மாள் முன்னால் நடந்து வந்தார். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கியானாவின் புத்தகம்தான். ஆனால் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு தடித்த தாள் வைத்துத் தைத்திருந்தது. தாள் முழுக்க மேடுமேடாகப் புள்ளிகள். விரலால் தடவிப் படிக்கும் எழுத்து. பன்னிரண்டாம் பக்கத்துத் தாள் மட்டும் வெறுமையாக இருந்தது.

"எனக்குத் தெரியுதும்மா" என்றார் அவர். "என் வகுப்புப் பிள்ளைங்க ஒன்பது பேருக்கும் பிறந்ததுலேர்ந்தே பார்வை கிடையாது. டிரம் அடிக்கிற அந்தப் பொண்ணு நம்ம நிறமா, நம்ம நிறம் எப்படி இருக்கும்னு கேக்கறாங்க. நான் என்ன எழுதட்டும்?"