வெள்ளிக்கிழமைச் சிவப்பு

“இதென்னடா, நடு றோட்டில ஒரு பொம்புள!”

காலிதீன் மரைக்கார் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கலர் லைட் சிவப்பு. ஆட்கள் கடக்கிற வெள்ளைக் கோட்டில் கறுப்பு அபாயாவோடு ஓர் உருவம், தலையைக் குனிந்தபடி அசையாமல் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டேகால். ஜும்ஆத் தொழுகை நேரத்துக் கல்முனையைச் சொல்லவும் வேணுமா? கடையெல்லாம் பூட்டு. ஆண்கள் பள்ளிவாசலில், பெண்கள் வீட்டில். ஈ காக்கை இல்லாத சந்தியில் அந்த லைட் மட்டும் யாருக்கோ சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருக்கும். பட்டப்பகல்தான். என்றாலும் நடுச்சாமம் மாதிரி இருக்கும்.

மரைக்காருக்கு அந்தச் சந்தியே ஆகாது. எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளியும் இப்படி நிற்கும்போது, முதுகுக்குப் பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள் உறுமுகிற சத்தம் கேட்கும்.

இன்றைக்கும் கேட்டது. திரும்பிப் பார்த்தார். வெயில் கொளுத்தும் வெறும் றோட்டு.

ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டு முன்னால் திரும்பினால், அந்த உருவம் ஹாண்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது!

“யா அல்லாஹ்!”

“நான்தான் மரைக்கார். நஸீறா. இஹ்ஸான்ட உம்மா.”

மனிசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

“ஒனக்கென்ன பைத்தியமா புள்ள? ஜின் எண்டு நினைச்சு என்ட ஈரக்குலையே நடுங்கிட்டு!”

“ஒங்கட வீட்ட மூணு தரம் வந்தன். இல்ல எண்டு சொல்லி அனுப்பிட்டாங்க. இஞ்ச எண்டா நிப்பீங்க.”

நிற்பார்தான். அந்த விபத்துக்குப் பிறகு சிவப்பைக் கண்டால் மரைக்கார் ஓர் அடி நகரமாட்டார். அது போதாதென்று, பள்ளியில் இளந்தாரிகளைப் பிடித்து உட்காரவைத்து, “சிவப்பில போனா லைசனும் போகும், மறியல் கம்பியும் எண்ணுவீங்க” என்று பிரசங்கம் வேறு. ஊரே மெச்சியது.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, இதே நேரம், இதே சந்தி. ஜும்ஆவுக்குப் பிந்திவிட்டதென்று இஹ்ஸான் மோட்டார் சைக்கிளோடு சிவப்பில் பாய்ந்தான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்குப் போன, பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவின் கிருசாந்தி டீச்சர், தனக்கு விழுந்த பச்சையை நம்பிக் கடந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் உயிர் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளின் தாய்.

பயல் ஓடவில்லை. டீச்சரை மடியில் கிடத்திக்கொண்டு றோட்டில் இருந்தான். கோர்ட்டிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிவப்பில் போனதுக்கு ஒரு குற்றச்சாட்டு, கவனயீனத்தால் உயிர் போனதுக்கு இன்னொன்று. திங்கட்கிழமை தீர்ப்பு.

“நன்னடத்தைக்குப் பள்ளிவாசல் கடிதம் ஒண்டு இருந்தா, நீதவான் வருசத்தக் குறைக்கப் பாப்பாராம். லோயர் சொன்னார்” என்றாள் நஸீறா.

அவர்களுடைய குடியின் சார்பில் பள்ளி நிருவாகத்தில் இருக்கும் மரைக்கார் காலிதீன்தான். அவருடைய கையெழுத்து விழாமல் பள்ளிக் கடிதம் வெளியே போகாது.

“ஏலா” என்றார் ஒரே வெட்டாக. “ஒரு தாய மௌத்தாக்கினவனுக்கு நல்ல புள்ள எண்டு எழுதித் தரவா? காரைதீவு ஆக்கள்ற முகத்துல நான் எப்பிடி முழிக்கிற?”

“அவங்கட வீட்டயும் போனன் மரைக்கார். டீச்சர்ட புருசன்ட காலில உழுந்தன். அவர் குடிக்கத் தண்ணி தந்தார்.”

மரைக்கார் வேறு பக்கம் பார்த்தார்.

பச்சை விழுந்தது. அவள் ஹாண்டிலில் வைத்த கையை எடுக்கவில்லை. பின்னால் மறுபடியும் அந்த உறுமல், முன்னையதைவிடக் கிட்டத்தில். மரைக்காருக்குப் பிடரி மயிர் சிலிர்த்தது.

“வழிய விடு புள்ள! குத்பாப் பிரசங்கம் தொடங்கிட்டு!”

“அண்டைக்கும் குத்பா தொடங்கித்தானே இருந்த மரைக்கார்?”

“அவன்ட அவசரத்துக்கு நான் பொறுப்பா? சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்.”

நஸீறா அபாயாவுக்குள் இருந்து டைப் அடித்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

மரைக்கார் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். ‘இவர் நேர்மையானவர். பொய் பேசாதவர்.’ அப்பாடா என்றிருந்தது அவருக்கு. மறுக்க நல்லதொரு காரணம் கிடைத்துவிட்டது.

“பொய் பேசாதவராம்! இதுக்கு நான் கையெழுத்து வெச்சா, நாளைக்கு அல்லாஹ்ட்ட ஆரு பதில் சொல்ற? நீயே சொல்லு. இந்த வழக்குல ஒன்ட மகன் ஒரு பொய்யும் சொல்லல்லையா?”

லைட் மறுபடியும் சிவப்பானது. நஸீறா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

“சொன்னான் மரைக்கார். ஒரு பொய் சொன்னான். ‘மரைக்காரே சிவப்பில போறார், நாமளும் போவம்’ எண்டுதான் அண்டைக்கு அவன் ஒங்களுக்குப் பின்னால வந்த. ‘ஒனக்கு முன்னால ஆரும் போனாங்களா?’ எண்டு பொலிஸ் கேட்டதுக்கு, ‘ஒருத்தரும் இல்ல’ எண்டுட்டான்.”