டிரெய்லர் ஏறிய குடிசை

குளிர்காலம் முடியப்போகிற நேரம். உறைந்த ஏரியின் நடுவே, பனியில் துளையிட்டு மீன் பிடிப்பதற்காக நின்ற மரக் குடிசையை, பனி உருகுமுன் கரை சேர்க்க ஆட்கள் டிரெய்லரில் ஏற்றிக் கட்டினார்கள். டிராக்டர் இழுத்தது. பாதி வழியில், அடியில் இருந்த பனிக்கட்டி படக்கென்று விரிசல் விட்டது.

"தம்பி, என்னை இறக்கி விட்டுட்டுப் போயிடு," என்றது குடிசை. "நான் மரம், மிதப்பேன். நீ இரும்பு, முங்கிடுவே."

"நீ தனியா மிதந்து எங்கே போவே? பேசாம உக்காரு அக்கா," என்றது டிரெய்லர்.

குடிசை மூச்சுக் காட்டவில்லை. டிரெய்லரின் சக்கரங்கள் நடுங்கிக்கொண்டே உருண்டன. ஒருவழியாகக் கரை மண் தட்டுப்பட்டது.

உடனே குடிசை கத்தியது: "இப்படியா குலுக்குவே? என் கதவே கழண்டுடும் போல இருக்கு!"

டிரெய்லருக்கு அப்போதுதான் நடுக்கம் நின்றது.

"திட்டு அக்கா," என்றது. "வீடு வரைக்கும் திட்டிக்கிட்டே வா."